எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

உடல் பருமனோடு பல வருஷம் போராடிவிட்டு, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் அப்பா, அம்மா, கணவர், மனைவி, அண்ணன், அக்கா ஆகிய உங்களுக்கு,



அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஆபரேஷன் மேஜையில் படுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் பலர். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து விழுவதற்கு வெகு நாள் முன்பே வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒரு திசையில் போகிறது. ஒரு வீட்டில், “வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொள்வதா?” என்று தடுக்கிறீர்கள். இன்னொரு வீட்டில், “வரன் பார்க்கத் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம்” என்று அவசரப்படுத்துகிறீர்கள். தடுப்பதும் தள்ளுவதும் வெவ்வேறாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. முதலாவது பேச்சு எடையை ஒழுக்கத்தின் கணக்கில் எழுதுகிறது. இரண்டாவது அழகின் கணக்கில் எழுதுகிறது. இது நோயின் கணக்கு என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்தது. இதய அடைப்புக்கோ மூட்டுத் தேய்மானத்துக்கோ அறுவை சிகிச்சை வேண்டுமா என்று எப்படி யோசிப்பீர்களோ, அதே நிதானத்தோடு இதையும் யோசியுங்கள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, சிகிச்சை எவ்வளவு தரும், எதை எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகான வருஷங்களுக்கு நாம் தயாரா என்ற நான்கு கேள்விகளைத் தவிர வேறெதற்கும் இந்த முடிவில் இடம் இருக்கக் கூடாது.

முதலில் மனவுறுதி பற்றிய பேச்சை எடுத்துக்கொள்வோம். குறைவாகச் சாப்பிட்டு நிறைய நடந்தால் எடை குறையும் என்பதில் தவறில்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். பலருக்கு அதுவே போதும். கடும் பருமன் உள்ளவர்களிடம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எடையைக் குறைக்க அவர்களால் முடிகிறது. குறைந்த எடையைத் தக்கவைக்க உடல் விடுவதில்லை. அமெரிக்காவில் எடை குறைப்புக்கென்றே நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரித்த சக்தி, அந்த உடம்புக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான ஆய்வு, கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைக்கச் சேர்ந்த 50 பேரின் ரத்தத்தைப் பார்த்தது. ஒரு வருஷம் கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்தும், நிறைவைத் தரும் ஹார்மோன்கள் தாழ்ந்தும் இருந்தன. இன்னும் பழைய சான்று ஒன்று டென்மார்க்கிலிருந்து வந்தது. சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் உடல்வாகு, பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களின் உடல்வாகோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்று 1986இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. ஆகவே உங்கள் வீட்டில் உள்ளவர் பத்து முறை எடையைக் குறைத்து, பத்து முறையும் அது ஏறியிருந்தால், அவரிடம் ஒழுக்கம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஓர் உடல் தன் பழைய எடைக்குத் திரும்பப் போராடியதை அவர் தனியாக எதிர்த்து நின்றிருக்கிறார்.

உடல்வாகு மரபணுவில் வருகிறது என்றால், அந்த மரபணு முன்பும் இருந்ததே; முன்பெல்லாம் இத்தனை பேர் இப்படி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 சதவீதமாக ஆனது. ஐந்தாறு வருஷத்தில் ஒரு மாநிலத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது சூழல்: உட்கார்ந்தே செய்யும் வேலை, அரிசியும் எண்ணெயும் மைதாவும் மலிவாகக் கிடைக்கும் சந்தை, குறைந்த தூக்கம். எளிதில் எடை போடும் உடல்வாகு உள்ளவர்களை இந்தச் சூழல் முதலில் பிடிக்கிறது. அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. பத்தில் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று எவரும் நம்ப முடியாது. சூழலை மாற்றுவது அரசும் சமூகமும் செய்ய வேண்டிய வேலை; அதைச் செய்தே ஆக வேண்டும். அது முடியும்வரை, ஏற்கெனவே நோயில் விழுந்துவிட்டவருக்குச் சிகிச்சையை மறுப்பதற்கு அது காரணமாகிவிடாது.

சரி, இந்த அறுவை சிகிச்சை எதைத் தருகிறது? இதற்கு மிக நீண்ட சான்று ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்விலிருந்து கிடைக்கிறது. அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும், அதே அளவு பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்த ஏறத்தாழ 2,000 பேரையும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட மூன்று ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள். அதே கட்டுரையில் உள்ள அடுத்த வரியையும் நீங்கள் படிக்க வேண்டும்: அப்படியும் அவர்களுடைய ஆயுள் பொதுமக்களின் ஆயுளைவிட ஐந்தரை ஆண்டு குறைவாகவே இருந்தது. சர்க்கரை நோயிலும் இதே கதைதான். அறுவைக்கு இரண்டு ஆண்டுக்குப் பின் 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மறைந்திருந்தது. 15 ஆண்டுக்குப் பின் 30 சதவீதம் பேருக்கே அந்த நிலை நீடித்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அந்த எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வில், ஐந்தாம் ஆண்டு முடிவில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6க்குள் வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் முறையில் அறுவை செய்தவர்களில் 23 சதவீதம், உணவின் பாதையைத் திருப்பிவிடும் பைபாஸ் முறையில் அறுவை செய்தவர்களில் 29 சதவீதம். இந்த எண்களை நான் அடுக்குவது உங்களைச் சம்மதிக்க வைப்பதற்காக அன்று. “இனி சர்க்கரையே இருக்காது” என்று விளம்பரத்தில் சொல்வதும், “இதனால் ஒன்றும் ஆகாது” என்று பக்கத்து வீட்டில் சொல்வதும் இரண்டுமே பொய் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. பலன் பெரியது, உறுதியானது, ஆனால் முழுமையானதும் நிரந்தரமானதும் இல்லை.

“நன்றாக இருக்கும் வயிற்றை எதற்கு வெட்ட வேண்டும்?” என்பது உங்களில் பலருடைய உண்மையான பயம். இந்தப் பயத்தைக் கேலி செய்யும் மருத்துவரிடம் போகாதீர்கள், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள்; மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இடம் சுருங்குவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில்தான். ஸ்லீவில் வெட்டப்படுவது அந்தப் பகுதி. சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் நிறைவைச் சொல்லும் ஹார்மோன்களும் கூடுகின்றன. உணவுக் கட்டுப்பாட்டை முறியடிக்கும் அதே பசிக் கட்டமைப்பின்மீது இந்தச் சிகிச்சை கைவைக்கிறது, பலன் தருவதற்குக் காரணம் அதுதான். அதற்கு விலையும் உண்டு. பின்லாந்தில் 240 பேரைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். உங்கள் வீட்டில் உள்ளவருக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால், எந்த முறை என்பது அறுவை நிபுணரின் வசதியைப் பொறுத்துத் தீர்மானிக்கப்படக் கூடாது. எண்டோஸ்கோப்பி பார்த்தார்களா, ஏன் இந்த முறையைச் சொல்கிறார்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கும் உங்களுக்கும் உண்டு.

அடுத்த பயம் உயிர்ப் பயம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி அங்கே இல்லை என்று விசாரணையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள், மறக்கவும் கூடாது. ஆனால் அதிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பத்து மையங்களில் 4,776 பேரைக் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். அனுபவம் மிக்க மையங்களில் இப்போது அது இன்னும் குறைந்து, பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு அருகில் வந்திருக்கிறது. இந்தப் பாதுகாப்பு அறுவை சிகிச்சையோடு தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, பருமனான உடலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர், தையல் வரிசையில் கசிவு ஏற்பட்டால் நள்ளிரவிலும் திரும்ப அறுவை செய்யக்கூடிய குழு ஆகியவை இருக்கும் இடத்தில்தான் அது இருக்கிறது. ஆகவே “இது ஆபத்தா?” என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, “இந்த இடத்தில், இந்தக் குழுவின் கையில், இவருக்கு எவ்வளவு ஆபத்து?” என்று கேளுங்கள். தராசின் மறுதட்டில், ஒன்றும் செய்யாமல் இருப்பதன் ஆபத்தையும் வையுங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை சிறுநீரகத்தையும் கண்ணையும் கால் நரம்பையும் தின்பதும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், கல்லீரலில் கொழுப்பு தழும்பாக மாறுவதும் ஒரே நாளில் செய்தியாக வருவதில்லை. அதனால் அவை ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

இப்போது தள்ளுகிறவர்களிடம் பேச வேண்டும். மகளுக்கு 27 வயது, 74 கிலோ, வேறு நோய் ஒன்றும் இல்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் குண்டு என்கிறார்கள் என்பது உங்கள் கவலையாக இருந்தால், தயவுசெய்து அவளை அறுவை அரங்குக்கு அனுப்பாதீர்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசியர்களுக்கான நெடுங்கால வரையறைப்படி, வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையை யோசிக்கலாம் என்ற பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 37.5 என்பது 96 கிலோ. நோய்களோடு சேர்ந்து யோசிக்கலாம் என்ற 32.5 என்பது சுமார் 83 கிலோ. 2022இல் உலக அளவிலான அறுவை நிபுணர் சங்கங்கள் இந்த எல்லையைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5க்கு மேலேயே அறுவையை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றன. அது சுமார் 70 கிலோ. அந்தத் தளர்வு, குறைந்த எடையிலேயே நம்மவர்களைச் சர்க்கரை நோய் பிடித்துவிடுகிறது என்பதற்காகச் செய்யப்பட்டது. கல்யாணப் பேச்சுக்காகச் செய்யப்பட்டதன்று. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, பி.எம்.ஐ. எண்ணை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி, உறுப்புகளைப் பாதித்துவிட்ட பருமனையும் இன்னும் பாதிக்காத பருமனையும் தனித்தனியாகப் பிரித்தது. முதலாவதற்குச் சிகிச்சை, இரண்டாவதற்குக் கண்காணிப்பும் தடுப்பும் என்பது அதன் சாரம். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று பரிசோதனைகள் சொல்லட்டும்; பெண் பார்க்க வந்தவர்கள் சொல்ல வேண்டாம். இன்னொன்றும் உண்டு. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. எடை குறையக் குறைய, நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குக்கூட மாதவிலக்கு சீராகி எதிர்பாராமல் கரு தங்கிவிடுவது உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அவசரமாக அறுவை செய்துவிட்டு, கல்யாணமான மூன்றாம் மாதம் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்கப்போகிற குடும்பம், தன் பெண்ணையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறது.

“இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, கத்தி எதற்கு?” என்று கேட்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை உண்மையான மருந்துகள், பலன் தருபவை. வெகோவியில் உள்ள செமாகுளூடைடு 68 வாரத்தில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீத எடையைக் குறைத்தது. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு, அதிகபட்ச அளவில் கொடுத்தபோது, 72 வாரத்தில் ஏறத்தாழ 21 சதவீதம் குறைத்தது. எடை வரம்பின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கும், அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவர்களுக்கும், முதலில் ஒன்றைச் செய்துபார்க்க விரும்புபவர்களுக்கும் இதுவே சரியான முதல் படியாக இருக்கலாம். ஆனால் செமாகுளூடைடை நிறுத்தியவர்களிடம், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. ஊசி என்றால் வருஷக்கணக்காக ஊசி; மாதாமாதம் ஆகும் செலவை எத்தனை வருஷம் தாங்க முடியும் என்ற கணக்கும் அதில் அடக்கம். 120 கிலோ எடையும் இன்சுலினும், தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காக்கும் சிபேப் கருவியுமாக இரவைக் கழிக்கும் ஒருவருக்கு, அதிக எடை குறைப்பும் நீண்ட காலச் சான்றும் இன்றைக்கும் அறுவையின் பக்கமே இருக்கின்றன. இரண்டில் எது உயர்ந்தது என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. இரண்டையும் தெரிந்த மருத்துவரிடம் உட்கார்ந்து, இவருடைய நோய்க்கும் இவருடைய பணத்துக்கும் எது பொருந்தும் என்று கேட்டால் போதும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். தனியார் மருத்துவமனையில் இதற்கு லட்சங்களில் செலவாகும். காப்பீடு தரும் என்று நம்பிக்கொண்டு நாள் குறித்துவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, பி.எம்.ஐ. 40ஐத் தொட்டிருக்க வேண்டும். அல்லது 35க்கு மேல் இருந்து, இதய நோயோ, கடுமையான தூக்க மூச்சடைப்போ, மருந்துக்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயோ கூடவே இருக்க வேண்டும். மருத்துவர்கள் ஆசிய உடலுக்கென்று வகுத்த எல்லைக்கும் காப்பீடு கேட்கும் எல்லைக்கும் இடையே நம்மவர்கள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த விதி மாற வேண்டும். அதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும், அறுவைச் செலவோடு நிற்காமல் அடுத்த ஐந்து வருஷத்துக்கான ரத்தப் பரிசோதனை, வைட்டமின், மருத்துவர் சந்திப்பு ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவதும். அறுவைக்கு மட்டும் பணம் திரட்டிவிட்டுப் பின்தொடர் சிகிச்சைக்குக் கையை விரிப்பதாக இருந்தால், அறுவையைத் தள்ளிப்போடுவதே மேல்.

ஏனென்றால், உண்மையில் நீங்கள் முடிவு செய்யப்போவது இரண்டு மணி நேர அறுவையைப் பற்றியன்று, அதற்குப் பிந்தைய முப்பது நாற்பது வருஷத்தைப் பற்றி. வீட்டின் பங்கு தொடங்குவது அங்கேதான். முதல் இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கலந்த பால். அதுவும் மிடறு மிடறாக. பிறகு அரை இட்லியைச் சாம்பாரில் குழைத்து, டீஸ்பூனால் எடுத்து, இருபது நிமிஷம் மென்று சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு வாந்தியில் முடியும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பைபாஸ் செய்தவர் இரண்டு வாய் பாயசம் சாப்பிட்டாலே படபடத்து, வியர்த்து, வயிற்றுப்போக்கு வரலாம். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சோற்றை நடுவில் வைத்துக் குழம்பைச் சுற்றிவைக்கும் நம் சாப்பாட்டு முறையை அந்த ஒரு தட்டுக்காவது தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கும்: முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. அந்தத் தட்டைப் பார்த்து “இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்தும் ஒவ்வொரு அன்பும் அவருக்குத் தொல்லை. வைட்டமின் ஊசியும் மாத்திரையும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ரத்தத்தில் வருஷந்தோறும் பார்க்க வேண்டும். சைவக் குடும்பங்களில் பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பது வழக்கம் என்பதால் கவனம் கூடுதலாகத் தேவை. ஒரு செய்தியை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்: அறுவைக்குப் பின் நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லையென்றால், தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பாதீர்கள். வைட்டமின் பி1 தீர்ந்துபோன உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அறுவை செய்த இடத்துக்கே ஓடுங்கள்.

மனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்களில் அது வருவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்துகொண்டவர்களின் மொத்த மரணங்கள் 40 சதவீதம் குறைந்தன. சர்க்கரை நோயால் நேர்ந்த மரணங்கள் 92 சதவீதம் குறைந்தன. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோய் சாராத மரணங்கள் 58 சதவீதம் கூடியிருந்தன. மதுவும் பைபாஸுக்குப் பின் வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மதுச் சிக்கல் உள்ளவர்களின் விகிதம் 7.6 சதவீதத்திலிருந்து 9.6 சதவீதமாக உயர்ந்ததாக இன்னோர் ஆய்வு கண்டது. கவலையைச் சாப்பாட்டில் ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்த வழி அடைபடுகிறது. மூன்றாம் நான்காம் மாதத்தில் பலருக்கு முடி கொத்தாக உதிரும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் சில கிலோ திரும்ப ஏறும். “இத்தனை லட்சம் செலவழித்தும் இப்படியா?” என்று நீங்கள் அன்றைக்குக் கேட்கப்போகிறீர்கள் என்றால், இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் எடை ஏறுவது இந்த நோயின் இயல்பு; அதற்கு மருத்துவரிடம் வழி இருக்கிறது. வெட்கத்தால் மருத்துவரிடம் போகாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து, அந்த வெட்கம் பெரும்பாலும் வீட்டில்தான் பிறக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நோய் முற்றி, மற்ற வழிகளை முயன்று, ஆயுள் முழுவதும் கண்காணிப்புக்குத் தயாராக இருப்பவருக்கு இது ஆயுளைக் கூட்டும் சிகிச்சை. அவரைத் தடுப்பது அவருடைய வருஷங்களைப் பறிப்பது. நோயில்லாதவருக்கு, அவசரத்தில் இருப்பவருக்கு, பின்தொடர் சிகிச்சைக்கு வழியில்லாதவருக்கு இது தேவையற்ற காயம். அவரைத் தள்ளுவதும் அதே அளவு தவறு. இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்லக்கூடியவை பரிசோதனை முடிவுகளும், அவர் தன் வாயால் சொல்லும் விருப்பமும் மட்டுமே.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த வாரமே அவரை உட்காரவைத்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். எடையைப் பற்றிய கேலியையும் அறிவுரையையும் இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கக் கூடவே போங்கள், ஆனால் சில நிமிஷமாவது அவர் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். அறுவை செய்யாத ஒரு மருத்துவரிடமும், சர்க்கரை நோய் நிபுணராக இருந்தால் நல்லது, இரண்டாவது கருத்து கேளுங்கள். எந்த முறை, ஏன், இந்த மையத்தில் வருஷத்துக்கு எத்தனை அறுவை, சிக்கல் வந்தால் யார் பொறுப்பு, ஐந்தாம் வருஷம் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். சலுகை முடிகிறது என்று நாள் குறித்து அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உணவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் இல்லாத குழுவிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். இவை எல்லாம் முடிந்த பிறகு அவர் “சரி” என்றால், உங்கள் கையெழுத்தோடு அடுத்த வருஷங்களின் உழைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். “வேண்டாம்” என்றால் அந்த முடிவையும் அதே மரியாதையோடு ஏற்று, மருந்தோ நடையோ உணவோ அவர் தேர்ந்தெடுக்கும் வழியில் கூட நில்லுங்கள். அவருடைய உடலைப் பற்றிய கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும். அதற்கு உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

அன்புடனும் அக்கறையுடனும்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்